1.76 லட்சம் கோடி, ஒரு கூட்டல் பிழை, ஒரு புலி: கட்சி அபிமானம் நம் கணக்கை எப்படி மாற்றுகிறது?

கூடலூரிலிருந்து பாட்டவயல் வழியாக சுல்தான் பத்தேரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது தேவர்சோலை. தேயிலைத் தோட்டமும் காட்டோரமும் ஒட்டிக் கிடக்கும் சின்னப் பேரூராட்சி. தேர்தல் நேரத்தில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கீழே உள்ள மாதிரி ஒரு பேச்சு புதிதாக இருக்காது.

"ஏன் மாமா, ஒண்ணே முக்கால் லட்சம் கோடி கேஸ்ல மாட்டின ஆளுக்குத்தான் இந்தத் தடவையும் ஓட்டா?"

"கோர்ட்டே விடுதலை பண்ணிருச்சுடா. நீ பேப்பரே படிக்கிறதில்லையா?"

"சாட்சி பத்தலைன்னுதான் விட்டாங்க. தப்பே நடக்கலைன்னா சொன்னாங்க?"

"அப்ப பெங்களூரு கேஸ்ல உங்க அம்மாவை ஹைகோர்ட்டு விட்டப்ப மட்டும் பட்டாசு வெடிச்சீங்களே, அது எந்தக் கணக்கு?"

"அது வேற மாமா, இது வேற."

இதில் யாரும் படிக்காதவர் இல்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் சொன்ன தகவல்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே சரி. ஆனாலும் ஒருவர் சொன்னதால் இன்னொருவர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஏன்? நீலகிரி தொகுதிக்காரர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தொகுதிக்குள்ளேயே இருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

2008 ஜனவரி 10. ஆ. ராசா மத்திய தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது 2ஜி அலைக்கற்றைக்கான 122 உரிமங்களுக்கு வழி திறந்தது. ஏலம் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை. விலை, 2001-ம் ஆண்டின் விலை. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை இதனால் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு 1,76,645 கோடி ரூபாய் வரை என்றது. ராசா பதவி விலகினார். 2011 பிப்ரவரியில் கைதானார்.

இங்கே 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சிஏஜி ஒரே ஒரு எண்ணைத் தரவில்லை. உரிமம் வாங்கிய நிறுவனங்கள் தங்கள் பங்குகளை விற்ற விலையை வைத்துக் கணக்கிட்டால் 57,666 கோடியும் 69,626 கோடியும் வந்தன. ஒரு நிறுவனம் தர முன்வந்த தொகையை வைத்துப் பார்த்தால் 67,364 கோடி. 2010-ல் நடந்த 3ஜி ஏல விலையை 2ஜிக்கும் பொருத்தினால் 1,76,645 கோடி. எல்லாமே 'இப்படி விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்கும்' என்ற அனுமானக் கணக்குகள். யாருடைய பெட்டியிலோ போய்ச் சேர்ந்த பணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் தலைப்பில் இடம் பிடித்தது பெரிய எண் மட்டும்தான். 'அனுமான' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து உதிர்த்தது பத்திரிகைகள். எங்கள் தொழிலின் பங்கை மறைப்பதில் அர்த்தமில்லை.

அதற்குப் பிறகு எண்கள் எல்லாத் திசையிலும் போயின. 2011 ஜனவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல், இழப்பே பூஜ்யம் என்றார். அதே ஆண்டு சிபிஐ குற்றப்பத்திரிகை 30,984 கோடி என்றது. 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது, ஒதுக்கிய முறை தன்னிச்சையானது என்று. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த மறு ஏலத்தில் சுமார் 9,400 கோடிக்குத்தான் கேட்பு வந்தது. 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி, ராசா, கனிமொழி உள்பட எல்லோரையும் விடுதலை செய்தார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரம் வரவில்லை என்று தீர்ப்பில் எழுதினார். சிபிஐ மேல்முறையீடு செய்தது. அதை 2024 மார்ச் 22-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இங்கே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒதுக்கிய முறை சரியா? அதற்கு உச்ச நீதிமன்றம் 'சரியில்லை' என்று பதில் சொல்லிவிட்டது. லஞ்சமும் சதியும் நிரூபணமாயினவா? விசாரணை நீதிமன்றம் 'ஆகவில்லை' என்றது. அரசுக்கு எவ்வளவு போச்சு? எந்த விலையோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். இந்த மூன்று பதில்களும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. முறை தவறாக இருந்து, குற்றம் நிரூபிக்கப்படாமல், இழப்பு தெளிவில்லாமல் இருக்கலாம். டீக்கடை பெஞ்சில் நடப்பது என்னவென்றால், மாமா இரண்டாவது கேள்வியின் பதிலை எடுத்து மூன்றுக்கும் பதிலாக வைக்கிறார். தம்பி முதல் கேள்வியின் பதிலை எடுத்து மூன்றுக்கும் வைக்கிறார்.

'தீர்ப்பு வந்ததும் நீலகிரி மக்கள் மனசு மாறிட்டாங்க' என்று சிலர் சொல்வதுண்டு. 2014-ல் ராசா இங்கே அதிமுகவின் சி. கோபாலகிருஷ்ணனிடம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். விடுதலைக்குப் பின் 2019-ல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமாக ஜெயித்தார். பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அதிமுக வென்றது. 2019-ல் தேனி தவிர எல்லாவற்றையும் திமுக அணி வென்றது. அலை மாநிலம் முழுக்க அடித்தது. 1.76 லட்சம் கோடி பற்றி உதகையில் நினைத்ததும் ராமநாதபுரத்தில் நினைத்ததும் ஒரே திசையில் மாறியிருக்கிறது என்றால், மாற்றியது டெல்லித் தீர்ப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கூட்டல் பிழையை யார் கண்டுபிடித்தார்கள்?

இப்போது 'அது வேற' கேஸுக்கு வருவோம். ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27-ல் சிறப்பு நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி விடுதலை செய்தார். வருமானத்தை விட அதிகமாக இருந்த சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை.

தீர்ப்பு வந்த சில மணி நேரத்தில் ஒரு விஷயம் வெளியே வந்தது. வங்கிக் கடன்களின் பட்டியலைக் கூட்டியதில் தவறு. தீர்ப்பில் 24 கோடியே 17 லட்சம் என்று இருந்தது. பட்டியலில் உள்ளவற்றை வரிசையாகக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம்தான் வந்தது. பதின்மூன்றரை கோடி வித்தியாசம். சரியாகக் கூட்டினால் அந்த 8.12 சதவீதம் பல மடங்கு ஏறி 10 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா இதை எடுத்துச் சொன்னார். அன்றைக்குத் தமிழ்நாட்டில் கால்குலேட்டர் எடுத்தவர்கள் எத்தனை பேர்! பள்ளிக்கூடத்தில் கணக்குக்கே ஆகாதவர்கள் எல்லாம் கடன் பட்டியலை வரி வரியாகக் கூட்டினார்கள்.

கூட்டியவர்கள் யார் என்று பாருங்கள். விடுதலையால் சந்தோஷப்பட்டவர்கள் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது, சசிகலா உள்ளிட்ட மற்ற மூவர் சிறை சென்றனர். அதே ஆண்டு டிசம்பரில் 2ஜி தீர்ப்பு. பத்து மாத இடைவெளியில் பாத்திரங்கள் அப்படியே இடம் மாறின. 'கீழ்க்கோர்ட்டு விடுதலை எல்லாம் ஒரு விடுதலையா' என்பவர்களும் 'நீதி வென்றது' என்பவர்களும் வசனத்தை மாற்றிக்கொண்டார்கள்.

உளவியலாளர் ஸீவா குண்டா 1990-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் சுத்தமாக விளக்கியிருக்கிறார். நமக்குப் பிடித்த முடிவுக்கு வர நாம் கண்ணை மூடிக்கொள்வதில்லை. யோசிக்கத்தான் செய்கிறோம். எந்த ஆதாரத்தைத் தேடுவது, எதைச் சோதிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அந்த முடிவு தீர்மானிக்கிறது. பிடிக்காத தகவல் வந்தால் 'இதை நம்பித்தான் ஆகணுமா?' என்று கேட்போம். பிடித்த தகவல் வந்தால் 'இதை நம்பலாமா?' என்று கேட்போம். இரண்டு கேள்விக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். பதில் எதிர்த் திசையில் வரும்.

படித்தவர்கள் தப்பிப்பார்களா?

'சனங்களுக்குக் கணக்குத் தெரியல, அதான் ஏமாறுறாங்க' என்பது நம் ஊர்ப் படித்தவர்களின் வழக்கமான தீர்ப்பு. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் உடனிருந்தவர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் ஒரு கணக்கு. தோல் தடிப்புக்கு ஒரு களிம்பு. பூசியவர்களில் 223 பேருக்குக் குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. களிம்பு வேலை செய்கிறதா?

223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் 'செய்யுது' என்று தோன்றும். ஆனால் பூசியவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது, பூசாதவர்களில் சுமார் 84 சதவீதம் பேருக்கு. களிம்பால் பிரயோஜனம் இல்லை. கணக்கில் கெட்டிக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். கட்சி இதில் நுழையவில்லை.

பிறகு வேறு சிலருக்கு அதே எண்கள், தலைப்பு மட்டும் வேறு: கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடை விதித்த நகரங்களில் குற்றம் குறைந்ததா, கூடியதா? இப்போது கெட்டிக்காரர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் கவனமாகக் கணக்குப் போட்டார்கள். பாதகமாக இருந்தால் முதல் பார்வையில் தோன்றியதோடு நிறுத்திக்கொண்டார்கள். கணக்குத் தெரியாதவர்களை விடத் தெரிந்தவர்களிடம்தான் இடைவெளி அதிகம். பின்னாளில் மற்றவர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது விளைவு இவ்வளவு பளிச்சென்று வரவில்லை. அதனால் 'படிச்சவன்தான் மோசம்' என்று சுவரில் எழுதிவிட முடியாது. 'படிச்சவன் தப்பிச்சுடுவான்' என்பதற்கும் இதுவரை நல்ல ஆதாரம் இல்லை.

உண்மையிலேயே நம்புகிறார்களா, கொடி பிடிக்கிறார்களா?

2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பு. 2009-ல் ஒபாமா பதவியேற்றபோது வந்த கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரியது. பிரையன் ஷாஃப்னர், சமந்தா லக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பெயர் போடாமல் இரண்டு புகைப்படங்களைக் காட்டி, எதில் ஆட்கள் அதிகம் என்று கேட்டார்கள். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் ஏழில் ஒருவர், ஆட்கள் குறைவாக இருந்த படத்தைக் காட்டி 'இதில்தான் அதிகம்' என்றார். கண் பார்வைக் கோளாறு இல்லை. எந்தப் படம் யாருடையது என்று தெரிந்துகொண்டு, கேள்விக்குப் பதில் சொல்லாமல் கட்சிக்குக் கை தூக்கியிருக்கிறார்கள்.

ஜான் புல்லக் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போனது. பொருளாதாரம், போர் போன்ற விஷயங்களில் அரசியல் தகவல்களைக் கேட்டார்கள். வழக்கம்போல் இரு கட்சிக்காரர்களின் பதிலுக்கும் இடையே நல்ல இடைவெளி. அடுத்து, சரியான பதிலுக்குச் சிறு பணம் தருவதாகச் சொன்னார்கள். இடைவெளி பாதிக்கும் மேல் சுருங்கியது. 'தெரியாது' என்று ஒப்புக்கொண்டாலும் கொஞ்சம் பணம் உண்டு என்றதும் ஐந்தில் நான்கு பங்கு காணாமல் போனது! ஆக, அந்தப் பிடிவாதத்தில் பெரும்பகுதிக்கு அடியில் 'எனக்குச் சரியாத் தெரியலப்பா' என்பதுதான் இருந்திருக்கிறது. பணம் கொடுத்தால்தான் அது வெளியே வருகிறது.

டீக்கடையில் யாரும் அந்தப் பணத்தைத் தருவதில்லை. 1.76 லட்சம் கோடி பற்றித் தவறாக நினைத்தால் தேவர்சோலையில் ஒருவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ரேஷன் குறையாது, கூலி குறையாது. ஆனால் சொந்தக் கட்சிக்காரர்கள் சுற்றி நிற்கும்போது 'அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு' என்று சொல்லிப் பார்க்கட்டும். அன்றைக்கே நஷ்டம் தெரியும். அப்படி யோசித்தால் மாமாவும் தம்பியும் செய்வது, அவரவர் இடத்திலிருந்து பார்க்கப் புத்திசாலித்தனம்தான். ஊருக்குத்தான் அது கெடுதல்.

புலி வந்தபோது என்ன நடந்தது?

தவறாக நினைத்தால் நஷ்டம் உண்டு என்ற நிலை தேவர்சோலைக்கே ஒருமுறை வந்தது. 2021 செப்டம்பர் கடைசியில், தேவர்சோலையை ஒட்டிய தேவன் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளியைப் புலி கொன்றது. வனத்துறையின் பதிவில் அதன் பெயர் டி-23. முன்பே மனிதர்களையும் ஏராளமான மாடுகளையும் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட ஆண் புலி. மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். அக்டோபர் 1-ல் மசினகுடி பக்கம் இன்னொருவர் பலியானார். அன்றே தலைமை வன உயிரினக் காப்பாளர் சேகர் குமார் நீரஜ் வேட்டை உத்தரவு பிறப்பித்தார். விலங்கு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். அக்டோபர் 5-ல் சென்னை உயர் நீதிமன்றம், அது ஆட்கொல்லியாக இல்லாமலும் இருக்கலாம், உடனே கொல்ல வேண்டாம் என்றது. ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய், கேமரா என்று மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த மூன்று வாரமும் தொலைவில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். எஸ்டேட்காரர்கள் காட்டை ஆக்கிரமித்தவர்கள், புலி அப்பாவி என்று ஒரு பக்கம். மனுஷ உயிரை விடப் புலிதான் பெரிசா என்று இன்னொரு பக்கம். 'எல்லாக் கொலையையும் செய்தது இதே புலிதானா?' என்ற எளிய கேள்விக்குக்கூட எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கத்துப் பதில்தான் வந்தது.

அந்தக் கேள்விக்கு வனத்துறையிடம் ஒரு வழி இருந்தது. புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. காட்டில் கட்டி வைத்த கேமராவில் விழுந்த படத்தின் வரிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுநாள் காலை இலை பறிக்கப் போக வேண்டியவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: கடைசியா எங்க பார்த்தாங்க? எந்தப் பக்கமா நகருது? அப்போது இங்கே ஆளுங்கட்சியாக இருந்தது திமுக, கூடலூர் எம்எல்ஏவாக இருந்தவர் அதிமுக. கொடி பார்த்து யாரும் பயப்படவும் இல்லை, தைரியப்படவும் இல்லை.

பயம் வந்தால் மனிதன் நடுநிலையாகிவிடுவான் என்று சொல்ல வரவில்லை. பயம் நிழலையெல்லாம் புலியாக்கும். நிழலைப் புலி என்று நம்பினால் அரை நாள் கூலி போகும். புலியை நிழல் என்று நம்பினால் உயிர் போகும். அதனால் பக்கச் சாய்வு இங்கேயும் உண்டு. ஆனால் அந்தச் சாய்வுக்கான விலையை நம்புகிறவரே கொடுக்கிறார். மைசூரிலிருந்து புலி வராது என்று தெரிந்த பிறகு அவர் பழையபடி தோட்டத்துக்குப் போகிறார். சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து கட்சி கட்டியவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர்களால் இன்றைக்கும் அதே கருத்தில் இருக்க முடியும்.

இருபது நிமிட இருட்டு

அரசியலுக்கே திரும்புவோம். 2024 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வாக்கு இயந்திரங்கள் உதகை அரசு பாலிடெக்னிக் கல்லூரியில் பூட்டி வைக்கப்பட்டன. ஏப்ரல் 27 மாலை, அங்கிருந்த 173 கண்காணிப்புக் கேமராக்களின் காட்சி சுமார் 20 நிமிடம் திரையில் வரவில்லை. அதிக வெப்பத்தால் ஏற்பட்ட மின்கோளாறு என்று மாவட்ட ஆட்சியர் விளக்கினார். ஒப்புகைச் சீட்டு முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்த மறுநாள் அது. சந்தேகம் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை.

ஜூன் 4-ல் ராசா, பாஜகவின் எல். முருகனை 2.4 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். அந்த 20 நிமிடத்தில் மாறியது எதுவும் இல்லை: அதே அறை, அதே பூட்டு, அதே விளக்கம். முடிவு நேர்மாறாக, 2.4 லட்சம் இன்னொரு பக்கம் விழுந்திருந்தால் அந்த 20 நிமிடம் இன்றைக்கு எத்தனை மேடையில் பேசப்பட்டிருக்கும்? யார் பேசியிருப்பார்கள்? 'அதிக வெப்பம்' என்ற விளக்கத்தை நம்புகிறவர்கள் யார், சிரிக்கிறவர்கள் யார் என்பதும் மாறியிருக்கும். உதகையில் அதிக வெப்பமா என்ற கிண்டல் எந்த வாயிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

இது ஒரு கட்சியின் வியாதி இல்லை. 2009-ல் தோற்றபோது பாஜகவின் அத்வானி வாக்குச்சீட்டு முறைக்கே திரும்பலாம் என்றார். அக்கட்சியின் ஜி.வி.எல். நரசிம்ம ராவ் 2010-ல் இயந்திரங்களைச் சந்தேகித்து ஒரு புத்தகமே எழுதினார். 2014-க்குப் பிறகு இயந்திரத்துக்கு நற்சான்று தருவது பாஜக, சந்தேகப்படுவது காங்கிரஸ். கருத்துகள் மட்டும் நாற்காலி மாறி உட்கார்ந்தன.

எண் ஒன்று, பழி இரண்டு

பச்சைத் தேயிலை விலையில் இப்படிச் செய்ய முடியாது. சிறு விவசாயியின் கையில் தொழிற்சாலை தந்த சீட்டு இருக்கிறது. கிலோவுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறது. திமுககாரர் வீட்டுச் சீட்டிலும் அதிமுககாரர் வீட்டுச் சீட்டிலும் ஒரே விலைதான். 'விலை நல்லாத்தான் இருக்கு' என்று எந்தக் கட்சிக்காரரும் சாதிக்க முடியாது, வீட்டிலேயே அடி விழும்.

அப்போது கட்சி எங்கே போகிறது? பழிக்குப் போகிறது. தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ், அதனால் டெல்லிதான் காரணம் என்று ஒருவர். கூட்டுறவுத் தொழிற்சாலைகளை நடத்துவது மாநிலம், அதனால் சென்னைதான் காரணம் என்று இன்னொருவர். டென்மார்க் ஆய்வாளர் மார்ட்டின் பிஸ்கார்ட் பிரிட்டன் வாக்காளர்களின் பல ஆண்டுத் தகவல்களை வைத்து 2015-ல் இதையே காட்டினார். 2008 நெருக்கடியில் பொருளாதாரம் கண்ணுக்கெதிரே சரிந்தபோது, ஆளுங்கட்சி ஆதரவாளர்களும் 'ஆமாம், சரிந்துவிட்டது' என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 'அதற்கு அரசு பொறுப்பு' என்பதை மட்டும் ஏற்கவில்லை. தகவலில் அடைத்த கதவு பழியில் திறந்துகொண்டது.

கூடலூர் பகுதியின் பிரிவு 17 நிலப் பிரச்சினையும் இப்படித்தான். ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது, 1974-ல் அமலுக்கு வந்தது. அதன் பிறகு இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டுவிட்டன. பட்டா இல்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. யார் ஆட்சியில் கெட்டுப்போனது என்று கேட்டால் மட்டும் ஆண்டு மாறும். தன் கட்சி ஆண்ட ஐந்து வருஷத்தை விட்டுவிட்டு எண்ணுகிற அந்தத் திறமைக்கு எந்தப் பள்ளியிலும் பாடம் கிடையாது.

பாடம் நடத்தினால் சரியாகுமா?

சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 2019 மக்களவைத் தேர்தலையொட்டி பீகாரில் முயன்று பார்த்தார். 1,200-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நேரில் போய் சுமார் ஒரு மணி நேரம், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி, படத்தை இணையத்தில் தேடிச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சில செய்திகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பாஜக ஆதரவாளர்கள், தங்களுக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் பயிற்சிக்குப் பிறகு முன்பை விடச் சற்றுப் பின்தங்கினார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் உங்களுக்குள் 'அதானே பார்த்தேன்' என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்ததா? அல்லது 'இந்த ஆய்வை யார் காசில் செஞ்சாங்க' என்று கேட்கத் தோன்றியதா? இரண்டில் எது வந்திருந்தாலும், களிம்புக் கணக்கைப் பற்றிப் படித்தபோது அது வந்திருக்காது.

ஒரு காசும் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. தகவல் வந்தவுடன் பெயரை மட்டும் மாற்றிப் படிப்பது. 'விடுதலை' என்று வந்தால், எதிர்க்கட்சித் தலைவருக்கு இதே நீதிமன்றம் இதே காரணத்தோடு விடுதலை தந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டுப் பார்ப்பது. தமிழ்நாட்டில் இதற்குக் கற்பனைகூட வேண்டாம். 2015-ல் நீங்கள் என்ன பேசினீர்கள், 2017 டிசம்பரில் என்ன பேசினீர்கள் என்று வீட்டில் யாருக்காவது நிச்சயம் ஞாபகம் இருக்கும். பெரும்பாலும் மைத்துனருக்கு.

2ஜி மேல்முறையீட்டில் என்றைக்குத் தீர்ப்பு வந்தாலும், அன்று மாலை தேவர்சோலை பஜாரில் யார் பட்டாசு வாங்குவார்கள், யார் 'நீதிபதி யாருன்னு பாருங்க' என்பார்கள் என்று இரண்டு விதத் தீர்ப்புக்கும் இப்போதே எழுதி வைத்துவிடலாம். தீர்ப்பின் பக்கங்களை ஒருவரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

"அப்ப நீ படிப்பியா?" என்று மாமா கேட்பார்.

"முதல்ல நீங்க படிங்க மாமா."